மிருணாளினிக்குக் குரல் கொடுத்தவள்

அப்படித் திரும்பித் திரும்பிப் பாக்காதீங்கம்மா. நீங்க தேடற மூஞ்சி இது இல்ல. அந்த மூஞ்சி பெங்களூர்ல இருக்கு. எலுமிச்சம்பழ நிறம், பெரிய கண்ணு, கன்னத்துல மச்சம். மச்சம் ஒட்டுறதுதான். அந்தப் பொண்ணுக்குத் தமிழ்ல 'சாப்பிட்டாச்சா', 'ரொம்ப வெயிலு' இந்த ரெண்டைத் தவிர ஒண்ணும் தெரியாது. ஆனா குரல் நீங்க நினைச்ச குரல்தான். 'ஜன்னலைக் கொஞ்சம் இறக்கட்டுமா'ன்னு நான் கேட்டதும் நீங்க கையில இருந்த வடையைக்கூட வாயில வைக்காம நிமிந்தீங்களே, அப்பவே நினைச்சேன், இவங்க 'நிழல் வழக்கு' தொடர் பாத்தவங்கன்னு.

ஆமாம்மா. மிருணாளினிக்குக் குரல் கொடுத்தவ நான்தான். தமயந்தின்னு பேரு. கடைசியில எழுத்து ஓடும்ல, அதுல வரும். அதை யாரு படிக்கறா? அதுக்குள்ள விளம்பரம் வந்துடும்.

என்னது? ஒரு வரி பேசணுமா? உங்க நாத்தனாருக்கு அனுப்பறதுக்கா? வேணாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க முதல் ஆளு இல்ல. கல்யாண வீட்டுல கேப்பாங்க, பல் டாக்டர்கிட்ட போனா அங்க நர்ஸம்மா கேப்பாங்க. முன்னெல்லாம் நானும் சந்தோஷமாப் பேசிக் காட்டுவேன். இப்ப அந்தக் குரலை எடுக்கறதில்ல. அதை விட்டுட்டேன்.

நீங்க எதுவரைக்கும்? மதுரையா. நான் திருச்சியில இறங்கிடுவேன். எம் பையன் அங்க இருக்கான். இறங்கிட்டா நாம ரெண்டு பேரும் இனிமே பாத்துக்கப் போறதில்ல. அதனால சொல்லலாம். சொந்தக்காரங்ககிட்ட சொல்ல முடியாத விஷயம். உங்ககிட்ட சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் நீங்க வேற சீட்டுக்கு மாறிக்கிட்டாலும் நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்.

முப்பத்தோரு வருஷமா இந்த வேலை. சாலிக்கிராமத்துல ஒரு சின்ன ரூம், ஒரு மைக், காதுல ஹெட்போன். திரையில யாரோ வாய் அசைப்பாங்க, அதுக்கு நான் இங்க பேசணும். நர்ஸு, அண்ணி, பக்கத்து வீட்டுக்காரி, சோப்பு விளம்பரம், கார்ட்டூன்ல அணில். எல்லாம் பண்ணியாச்சு. எங்க வீட்டுக்காரர் போய்ச் சேந்து பதினோரு வருஷம் ஆச்சு. இந்தத் தொண்டையை வச்சுத்தான் பையனைப் படிக்க வச்சேன். அவன் பேரு பரிதி. வங்கியில வேலை.

அப்புறம்தான் மிருணாளினி வந்தா. நீங்க பாத்திருக்கீங்க, உங்களுக்குச் சொல்ல வேணாம். ஒரு கொலைகூட அவ கையால பண்ணமாட்டா. கத்தி எடுக்கமாட்டா, விஷம் வைக்கமாட்டா. போன் பண்ணுவா. அவ்வளவுதான். புருஷன்கிட்ட பொண்டாட்டியைப் பத்தி, தம்பிகிட்ட அண்ணனைப் பத்தி, அப்படியே தேன் மாதிரி. கடைசியில ரெண்டு பேர்ல ஒருத்தர் பொணமா கிடப்பாங்க. போலீசு வரும்போது அவ துளசிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருப்பா.

முதல் நாள் நான் வழக்கமா வில்லிக்குப் பேசற மாதிரி பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசினேன். டப்பிங் பாக்கற அந்தோணி சார் நிறுத்திட்டாரு. 'அம்மா, கோவப்படாதீங்க. இரக்கப்படுங்க. எதிராளி மேல உங்களுக்கு அவ்வளவு இரக்கம். இரக்கப்பட்டுக்கிட்டே முடிச்சு விடுங்க'ன்னாரு. சட்டுனு பிடிச்சுக்கிட்டேன். எனக்கு அது சுலபமா வந்துச்சு. ரொம்ப சுலபமா வந்துச்சும்மா. அப்பவே நான் கொஞ்சம் யோசிச்சிருக்கணும்.

பரிதி ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே சொன்னான், 'அம்மா, எங்க தலைமை ஆபீஸ்ல செவ்வந்தின்னு ஒரு பொண்ணு'ன்னு. நான் சோத்தை வச்சுக்கிட்டே 'உம்'னேன். டெலிபோன் ஆபரேட்டராம். 'முதல் நாலு மாசம் நான் அவளைப் பாக்கவே இல்லம்மா, போன்லதான். குரலைக் கேட்டே பிடிச்சுப்போச்சு'ன்னான். எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. குரலை வச்சுப் பிழைக்கறவ பெத்த பையன், குரலைப் பாத்து ஆசைப்பட்டிருக்கான்னு.

அப்புறம் சொன்னான். அவளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாதுன்னு.

நான் எதிர்ப்பு சொல்லலம்மா. ஒரு வார்த்தை சொல்லல. கண் தெரியாதவங்கன்னா எனக்கு எப்பவுமே இரக்கம் அதிகம், நீங்க வேணா பரிதியைக் கேளுங்க. பஸ்ஸுல எந்திரிச்சு இடம் கொடுப்பேன். 'ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாடா'ன்னேன். சேமியா பாயசம் வச்சேன். நாற்காலியெல்லாம் ஓரமா நகத்திப் போட்டேன், இடிச்சுக்குவாளேன்னு.

வந்தா. பாதாம் நிறத்துல காட்டன் புடவை. தடியை மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டா. நான் 'வாம்மா, உக்காரு'ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அப்படியே நின்னுட்டா. அவ மூஞ்சி பூரா சிரிப்பு. 'அம்மா, நீங்களா?'ன்னா. 'பரிதி, உங்கம்மா டப்பிங் பேசறவங்கன்னு சொன்னீங்க, இவங்கதான்னு சொல்லலையே'ன்னு அவன்கிட்ட சண்டைக்குப் போனா. அப்புறம் ஒவ்வொண்ணா சொல்ல ஆரம்பிச்சா பாருங்க! 'அஞ்சாவது படிக்கும்போது எங்க ஹாஸ்டல் டிவியில ஒரு நாடகம் வரும், அதுல வாத்தியாரம்மா நீங்கதானே? அந்த அணில்? ரேடியோவுல தடுப்பூசி விளம்பரம்?' நானே மறந்துபோனதையெல்லாம் சொன்னா. முப்பத்தோரு வருஷத்துல ஒருத்தர் இப்படிச் சொன்னதில்லம்மா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அதோட போயிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பாயசம் கொடுத்தேன். பக்கத்துல உக்காந்து அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, 'எனக்கு ரொம்ப சந்தோஷம்மா. பொண்ணு இல்லாத வீடு இது. நீ வந்தா இந்த வீட்டுக்கே வெளிச்சம்'னேன். நல்லாத்தான் சொன்னேன். பரிதி முகமெல்லாம் மலந்துபோச்சு. பரிதி தண்ணி எடுக்க உள்ள போனான். அப்ப அவ மெதுவா என் பக்கம் சாஞ்சு, 'அம்மா, உங்களுக்கு இது பிடிக்கலன்னு தெரியுது. பரவாயில்ல. அவசரமே இல்ல, நிதானமா யோசிங்க'ன்னா.

குத்தலா சொல்லல. அன்பாத்தான் சொன்னா. அதுதான் எனக்கு...

எப்படிச் சொல்றது உங்ககிட்ட? ஊரே என் குரலை நம்புது. அழுதா அழறாங்க, மிரட்டினா பயப்படறாங்க. இந்தப் பொண்ணு ரெண்டு வரியில என் பொய்யைப் பிடிச்சுட்டா. நாளைக்கு இவ இந்த வீட்டுக்கு வந்துட்டா நான் 'தலைவலி'ன்னு ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்ல முடியாது. 'சாப்பிட்டேன்'னு சொல்ல முடியாது. நான் வாயைத் திறந்தாலே அவளுக்குத் தெரிஞ்சுடும். அன்னிக்கு நான் பரிதிகிட்ட 'தங்கமான பொண்ணுடா'ன்னு சொன்னேன். உள்ளுக்குள்ள ஒண்ணு எரிய ஆரம்பிச்சுடுச்சு.

யாராவது கேட்டா, 'பையன் ஆபீஸ் போயிட்டா அவ எப்படி அடுப்பு பத்த வைப்பா, குழந்தை பிறந்தா எப்படிப் பாத்துக்குவா'ன்னு அதைத்தான் காரணமா சொல்லியிருப்பேன். பெத்தவளுக்கு அந்தக் கவலை இருக்காதா? இருந்துச்சு. இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்காகப் பண்ணல. இதை இப்பத்தான் முதல் தடவையா வெளியில சொல்றேன். அவளை ஒரு தடவையாவது ஏமாத்தணும்னு எனக்கு இருந்துச்சும்மா. என் தொழிலை வச்சே அவளை ஜெயிக்கணும்னு.

விழுப்புரமா இது? இருக்கட்டும், டீ வேணாம். நீங்க குடிங்க.

அந்த வாரம் ஸ்டுடியோவுல ஒரு எபிசோடு. மிருணாளினி ஒரு கல்யாணத்தைக் கெடுக்கற சீன். நீங்க பாத்தீங்களா, அந்த டாக்டர் பொண்ணு கதை? ஆங், அதேதான். அதுல மிருணாளினி சொல்ற பொய்க்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. 'நீ கேட்டா அவன் இல்லேன்னுதான் சொல்லுவான்'னு சேத்துச் சொல்லிடுவா. இனிமே அவன் சத்தியம் பண்ணாலும் எடுபடாது. அவன் எவ்வளவுக்கெவ்வளவு இல்லேங்கறானோ அவ்வளவுக்கவ்வளவு அந்தப் பொய் உறுதியாகும். பேசி முடிச்சுட்டு நான் அந்தப் பேப்பரைக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

சாப்பாட்டு இடைவேளை. எல்லாரும் வெளியில போயிட்டாங்க. ஆபீஸ் ரூம்ல லேண்ட்லைன் இருந்துச்சு. வங்கியோட பொது நம்பருக்குப் போட்டேன். அவதான் எடுக்கணும், வேற வழியில்ல, அவ வேலையே அது. போனை வைக்கவும் முடியாது.

நான் என் குரல்ல பேசல. மிருணாளினி குரலும் இல்ல, அது அவளுக்குத் தெரியுமே. வயசான குரலா, கொஞ்சம் கரகரப்பா, பாண்டிச்சேரிப் பக்கத்துப் பேச்சு சேத்து ஒண்ணு கட்டினேன். 'செவ்வந்திதானே கண்ணு? நான் பரிதிக்குப் பெரியம்மா ஆகணும், பாண்டிச்சேரியிலேருந்து பேசறேன். உன்னைப் பத்தி நல்லதைத்தான் கேள்விப்பட்டேன். தமயந்தி உன்னைப் புகழ்ந்துக்கிட்டே இருக்கா. எனக்குப் பையனை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு கண்ணு. போன வாரம் இங்க வந்திருந்தான். மாடியில உக்காந்து அழுவுறான். "வாக்கு கொடுத்துட்டேன் பெரியம்மா, இப்ப எப்படிப் பின்வாங்கறது, நான் விட்டா அவளுக்கு யாரு இருக்கா"ங்கறான். நீ கேட்டா இல்லேன்னுதான் சொல்லுவான். சத்தியம் பண்ணுவான். அவ்வளவு நல்ல மனசு அவனுக்கு. அதனால நீதான் கண்ணு அவனை விட்டுக் கொடுக்கணும்'னேன்.

பாருங்க, இப்ப சொல்லும்போது அந்தப் பேச்சு எனக்குச் சரியா வரல. அன்னிக்குக் கச்சிதமா வந்துச்சு.

அந்தப் பக்கம் பின்னால வேற ஒரு போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம், 'சரிங்க'ன்னா. 'வேற யாருக்காவது லைன் கொடுக்கணுமா?'ன்னு கேட்டா. எல்லார்கிட்டயும் கேக்கற மாதிரியே கேட்டா. நான் 'வேணாம் கண்ணு'ன்னுட்டு வச்சுட்டேன்.

வச்சுட்டு நான் என்ன நினைச்சேன் தெரியுமா? ஐயோ பாவம்னு நினைக்கல. 'கண்டுபிடிக்கல'ன்னு நினைச்சேன். ஒரு சந்தோஷம். மத்தியானம் மறுபடியும் மைக் முன்னாடி போய் நின்னேன். அந்தோணி சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலேருந்து கட்டை விரலைக் காட்டினாரு. 'என்னம்மா இன்னிக்கு, பின்னி எடுக்கறீங்க'ன்னாரு.

பத்து நாள்தான். செவ்வந்தி பரிதிகிட்ட 'வேணாம்'னு சொல்லிட்டா. சண்டை இல்ல, அழுகை இல்ல, காரணமும் சொல்லல. சேலத்துல அவ அப்பா அம்மா இருக்காங்க, அந்தக் கிளைக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டா. இவன் மலைச்சுப் போயிட்டான். வீட்டுக்கு வந்தா தட்டை வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான். நான் பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக் கொடுத்து, 'என்னடா ஆச்சு? ஏன்டா அப்படிச் சொன்னா?'ன்னு கேப்பேன். கேப்பேன்மா! அதையும் நல்லாத்தான் கேட்டேன். அவன் சொல்லுவான், 'நான் ஏதோ பண்ணிட்டேன் போலம்மா. என்னன்னு தெரியல. அவ மனசு நோக ஏதோ சொல்லிட்டேன்'னு. ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கண்டுபிடிப்பான். ஒரு நாள் அவளை ரோடு தாண்ட விடாம கையைப் பிடிச்சு இழுத்தேன்னு சொல்லுவான். ஒரு நாள் சினிமாவுல நடுவுல கதை சொல்ல மறந்துட்டேன்னு சொல்லுவான். 'அதெல்லாம் இல்லடா'ன்னு நான் சமாதானம் சொல்லுவேன். அவனுக்கு நாட்டுக்கோழி வாங்கி ரசம் வச்சுக் கொடுத்தேன்.

சரியாயிடும்னு நினைச்சேன். ரெண்டு இடத்துல பொண்ணு பாத்தேன். 'உன் இஷ்டம்மா'ன்னான். அந்த 'உன் இஷ்டம்'ல ஒண்ணுமே இல்ல, வெத்துப் பாத்திரம் மாதிரி இருந்துச்சு. நானே விட்டுட்டேன்.

ஒரு வருஷம் இப்படியே ஓடிச்சு. தொடர் ஓஹோன்னு போச்சு. சேனல்ல ஒரு விழா வச்சு அந்தப் பெங்களூர்ப் பொண்ணுக்குக் கேடயம் கொடுத்தாங்க. அவ மேடையில என்னைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலயும் கால்ல விழுந்தா. கைதட்டு அடங்கவே இல்ல. பரிதியும் வந்திருந்தான். மூணாவது வரிசையில நின்னுக்கிட்டு அவனும் கைதட்டினான். நான் அவனைப் பாக்காம மேல லைட்டைப் பாத்தேன்.

அப்புறம் தொடர் முடியற நேரம் வந்துச்சு. கடைசி எபிசோடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மிருணாளினி போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்து எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு அழுவா. அந்தப் பொண்ணு திரையில நல்லாத்தான் அழுதா. நான் பேசினேன். அந்தோணி சார் 'இன்னொரு தடவை'ன்னாரு. பேசினேன். 'இன்னொரு தடவை.' பதினாலு தடவை போச்சும்மா. நான் அழுகைக் காட்சின்னா ரெண்டாவது டேக்குல முடிச்சுடுவேன், அதுல பேரு வாங்கினவ. கடைசியில அவரு மைக்குல சொன்னாரு, 'அம்மா, கோவிச்சுக்காதீங்க. வில்லத்தனம் பண்ணும்போது நிஜமா இருந்துச்சு. மன்னிப்பு கேக்கும்போது பொய்யா இருக்கு'ன்னு.

ஹெட்போனைக் கழட்டி வச்சேன். தண்ணி கேட்டேன். வயிறு சரியில்லன்னு சொல்லிட்டு வெளியில வந்துட்டேன். மறுநாள் காலையில சேலத்துக்குப் பஸ் ஏறிட்டேன்.

மனசு உறுத்திப் போனேனா, இல்ல அந்த சீன் சரியா வரலேன்னு போனேனான்னு கேட்டா... போற வழியெல்லாம் மன்னிப்பை எப்படிச் சொல்றதுன்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். இப்படிச் சொன்னா நல்லா இருக்குமா, அப்படிச் சொன்னா நல்லா இருக்குமான்னு. பாத்தீங்களா? அதுதான் நான்.

சேலத்துல அந்த வங்கி ஒரு மாடியில இருக்கு. மதியச் சாப்பாட்டு நேரமாப் பாத்துப் போனேன். ஓரத்துல கண்ணாடித் தடுப்பு வச்ச ஒரு இடம். அவ டிபன் பாக்ஸைக் கழுவிட்டு வந்து உக்காந்து, துணியால மூடியைத் துடைச்சுக்கிட்டிருந்தா. நான் போய் எதுக்க நின்னேன். வேற யாரா இருந்தாலும் அழுத மூஞ்சியோட போய் நிக்கலாம், கையெடுத்துக் கும்பிடலாம். பாக்கறவங்களுக்குப் புரியும். இவகிட்ட நான் என்ன காட்டறது? குரல்தான் இருக்கு. அதைத்தான் நான் கெடுத்து வச்சிருக்கேன்.

'யாரு?'ன்னா.

'நான்...'ன்னேன்.

துடைச்சுக்கிட்டிருந்த கை நின்னுச்சு. 'வாங்கம்மா, உக்காருங்க'ன்னா.

பஸ்ஸுல ஒத்திகை பாத்ததெல்லாம் போயிடுச்சு. 'அந்தப் பெரியம்மா நான்தான்'னு மட்டும் சொன்னேன்.

'தெரியும்மா'ன்னா.

எனக்குப் புரியல. 'எப்பத் தெரியும்?'னேன்.

'அப்பவே. நீங்க முதல்ல "கண்ணு"ன்னு கூப்பிட்டீங்களே, அப்பவே. பாண்டிச்சேரிப் பேச்செல்லாம் நல்லாத்தான் பண்ணீங்க. ஆனா உங்களை எனக்குத் தெரியாதாம்மா? ஒன்பது வயசுலேருந்து கேக்கறேன்.'

அம்மா, என்னை ஓங்கி ஒரு அறை விட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. நான் ஒண்ணரை வருஷமா 'கண்டுபிடிக்கல'ன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அவ முழுசாத் தெரிஞ்சுக்கிட்டே நான் பேசி முடிக்கற வரைக்கும் கேட்டிருக்கா. முடிச்சதும் வேற யாருக்காவது லைன் வேணுமான்னும் கேட்டிருக்கா.

'அப்ப ஏன்மா பரிதிகிட்ட சொல்லல? சொல்லியிருந்தா அவன் உன்னைத்தான் நம்பியிருப்பான்'னேன்.

'நம்பியிருப்பாரு. அன்னிக்கே உங்களை விட்டுட்டு வந்திருப்பாரு'ன்னா.

'எனக்காகவா சொல்லாம விட்டே?' இதைக் கேட்டேன் பாருங்க. எனக்காகத்தான்னு அவ சொல்லணும்னு ஒரு ஆசை எனக்கு. அப்படிச் சொல்லிட்டா அவ பெரிய மனுஷி, நான் பாவி, அழுதுட்டு வந்துடலாம்.

'உங்களுக்காக இல்லம்மா. உங்க மேல எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல. நான் எனக்காகத்தான் போனேன்'னா. டிபன் பாக்ஸைப் பைக்குள்ள வச்சு ஜிப்பை இழுத்தா. அப்புறம் சொன்னா. 'அன்னிக்கு சாயங்காலம் பரிதி வந்து "செவ்வந்தி, கிளம்பலாமா"ன்னு கேட்டாரு. தினமும் கேக்கறதுதான். எனக்கு உடம்பெல்லாம் கூசிடுச்சு. அவரு குரல்ல நீங்க இருக்கீங்கம்மா. பெத்த பையன்தானே, இருக்காதா? முன்னாடி அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதுக்கப்புறம் அவரு என்ன நல்லதா பேசினாலும் அந்தப் பெரியம்மா பேசற மாதிரியே இருந்துச்சு. பத்து நாள் முயற்சி பண்ணேன். முடியல. எனக்கு ஒருத்தரோட மூஞ்சின்னா அவங்க குரல்தானேம்மா?'

ஒரு போன் வந்துச்சு. அவ எடுத்து, வணக்கம் சொல்லி, யாருக்கோ லைனைக் கொடுத்துட்டு, 'நேரமாச்சும்மா, நீங்க கிளம்புங்க. படி மூணாவது உடைஞ்சிருக்கு, பாத்து இறங்குங்க'ன்னா. மன்னிச்சேன்னு சொல்லல. மன்னிக்கலன்னும் சொல்லல. நான் கேக்கவும் இல்ல. கேக்கத்தான் போனேன். கேக்காமயே வந்துட்டேன்.

கடைசி எபிசோடா? அதைக் கேக்கறீங்களா? வேற ஒரு பொண்ணு பேசி முடிச்சுட்டா. நீங்க கண்டுபிடிக்கல, பாத்தீங்களா. யாருமே கண்டுபிடிக்கல.

வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் சும்மா இருந்தேன். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, பரிதி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தான். சொல்லிட்டேன். போன் பண்ணது, பேசினது, எல்லாம். அவன் கத்துவான்னு நினைச்சேன். இஸ்திரிப் பெட்டியை நிமித்தி வச்சான். சுவிட்சை அணைச்சான். பாதி தேச்ச சட்டையை அப்படியே மடிச்சான். 'பாண்டிச்சேரியில நமக்கு யாருமே இல்லையேம்மா'ன்னான். அவ்வளவுதான். சின்னக் குழந்தை கேக்கற மாதிரி கேட்டான்.

நேரா சேலம் போனான். அவ இவனை உக்கார வச்சு டீ வாங்கிக் கொடுத்திருக்கா. 'உங்கமேல ஒரு தப்பும் இல்ல. ஆனா வேணாம் பரிதி'ன்னிருக்கா. 'ஏன்'னு கேட்டதுக்கு பதில் சொல்லல. அவன் குரலே ஆகலேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்ல அவளுக்கு மனசு வரல போல. திரும்பி வந்தவன் பத்து நாளைக்குள்ள திருச்சிக்கு மாத்தல் வாங்கிட்டான். நாலு மாசம் ஆச்சு.

பேசறதில்ல. போன் பண்ணா எடுக்கமாட்டான். மெசேஜ் மட்டும் வரும். 'பிரஷர் மாத்திரை போட்டியா.' 'கேஸ் புக் பண்ணிட்டேன்.' எல்லாம் எழுத்துலதான். எம் பையன் குரலைக் கேட்டு நாலு மாசம் ஆச்சும்மா. வாரத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை ஆனா ஒரே கேள்வி மட்டும் வரும். 'உன் போன்தான் காரணம்னா நீ ஒத்துக்கிட்டதுக்கு அப்புறமும் ஏன் வேணாங்கறா? உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?' நான் 'தெரியலப்பா'ன்னு எழுதிடுவேன். பதினாறு தடவை எழுதிட்டேன்.

ஆமா. அதை மட்டும் நான் அவன்கிட்ட சொல்லல.

எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க. உன் குரல்ல நான் இருக்கேன், அதனாலதான் அவ போயிட்டான்னு சொன்னா அவன் அப்புறம் எப்படி வாயைத் திறப்பான்? நாளைக்கு இன்னொரு பொண்ணுகிட்ட எப்படிப் பேசுவான்? அவனைக் காப்பாத்தத்தான் மறைக்கறேன். ஆனா இப்படி நான் மறைச்சதுக்கெல்லாம் என்கிட்ட எப்பவுமே ஒரு நல்ல காரணம் இருந்திருக்கும்மா. அதுதான் எனக்கு பயமா இருக்கு. சொல்லலேன்னா அவன் 'நான் என்ன பண்ணேன், நான் என்ன பண்ணேன்'னு ஆயுசுக்கும் தேடிக்கிட்டே இருப்பான். அவன் தேடறதை நான் மறுபடியும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கணும்.

நீங்க சொல்றதும் சரிதான். சொல்லிடணும். அதுக்குத்தான் போறேன். நேத்து 'நேர்ல வரேன், ஒண்ணு சொல்லணும்'னு மெசேஜ் போட்டேன். 'சரி'ன்னு வந்துச்சு. அவ்வளவுதான். ஸ்டேஷனுக்கு வருவானான்னுகூடத் தெரியாது.

காவிரிப் பாலம் போயிடுச்சா? பேசிக்கிட்டே பாக்கல. வந்தாச்சு போலிருக்கு. இல்ல, பையை நானே எடுத்துக்கறேன், கனமில்ல. ரெண்டு புடவைதான்.

கொஞ்சம் நகருங்கம்மா. அதோ, அந்தத் தண்ணிக் குழாய் பக்கத்துல. சாம்பல் நிறச் சட்டை. வந்திருக்கான். என்னமா இளைச்சுட்டான் பாருங்க. எந்தப் பெட்டின்னு தெரியாம ஜன்னல் ஜன்னலாப் பாத்துக்கிட்டு வரான்.

கூப்பிடறான். 'அம்மா'ன்னு கூப்பிடறான், கேட்டீங்களா? இருங்க, நான் குரல் கொடுக்கல. இன்னொரு தடவை கூப்பிடட்டும். வண்டி இங்க அஞ்சு நிமிஷம் நிக்கும். நீங்க மூணு வருஷம் என் குரலைக் கேட்டவங்க. கேளுங்கம்மா, நல்லாக் கேளுங்க. எனக்குத் தெரியமாட்டேங்குது. உண்மையைச் சொல்லுங்க, என்னை மாதிரியா இருக்கு?